அரை அடி உயரம்

"மெஷினை நிறுத்தச் சொல்லும்மா. என் வீட்டு வாசல்ல ஒரு இஞ்ச் கூடச் சுரண்டக் கூடாது."

கண்ணாடிக்கடைக்காரர் நடுத்தெருவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கடையில் யாரிடமும் அதிர்ந்து பேசாத மனிதர், இன்று வரிந்துகட்டிக்கொண்டு வந்திருந்தார். ரோடு சுரண்டும் இயந்திரம் அவருக்கு முன்னால் உறுமிக்கொண்டு நின்றது.

தலைக்கவசத்தைக் கழற்றியபடி இளம் பொறியாளர் ஓடி வந்தாள்.

"சார், பழைய ரோட்டு மேலயே தார் போட்டுப் போட்டு அரை அடி ஏறிடுச்சு. மழை பெஞ்சா எல்லார் வீட்டுக்குள்ளயும் தண்ணி. அதான் சுரண்டுறோம்."

"சுரண்டி? குப்பையில கொட்டுவீங்க. எல்லாம் எங்க வரிப்பணம்."

"ஒரு துண்டு வீணாகாது சார். சூடு பண்ணி, கொஞ்சம் புதுத் தார் கலந்து, திரும்ப ரோடு போடத்தான். ஜல்லிக்காக மலையை உடைக்கறதும் குறையும், செலவும் குறையும்."

அவருக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ஆனால் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"நல்ல விஷயம். பக்கத்துத் தெருவுல போய்ப் பண்ணுங்க."

"உங்களுக்கு என்னதான் சார் கஷ்டம்?"

அவர் வாசலைக் காட்டினார். நிலைப்படியை ஒட்டி, சக்கர நாற்காலியில் அவர் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"முன்ன ஒரு படி இருந்துச்சு. நான் தூக்கி இறக்கினாத்தான் இவ தெருவையே பாப்பா. ரோடு வாசலுக்குச் சமமா ஏறினதும்தான் தனியா கடைக்குப் போறா, லைப்ரரிக்குப் போறா. வீட்டுக்குள்ள தண்ணி வந்தா வரட்டும், நான் அள்ளிக் கொட்டிக்கிறேன்."

"சுரண்டின தாரையே இறுக்கி, வாசலுக்குச் சரிவு போட்டுத் தரோம் சார்."

"இறங்கிடுவா. ஏறும்போது யாரு தள்ளுவா? நான் கடையில இருப்பேன்."

"போதும், எழுந்து வாங்க. வெயில்ல உக்காந்து தலைவலியை இழுத்துக்காதீங்க" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. உனக்காகத்தான் மல்லுக்கு நிக்கிறேன்."

பொறியாளர் தயங்கினாள். "மனு வந்ததாலதான் சார் இந்த வேலையே. குடுத்தவங்க வாபஸ் வாங்கினாத்தான் நிறுத்த முடியும்."

"எந்த வேலையத்தவன் குடுத்தான்? காட்டு. கையைக் காலைப் பிடிச்சாவது வாபஸ் வாங்க வைக்கிறேன்."

அவள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். மனைவி தலை நிமிரவில்லை. வேறு வழியில்லாமல் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவிக் கொடுத்தாள்.

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வாராவாரம் மளிகைச் சீட்டில் பார்க்கிற அதே கையெழுத்து:

'மழைத்தண்ணீரை வாளி வாளியாக அள்ளி என் கணவருக்கு முதுகே போய்விட்டது. வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்லமாட்டார். தயவுசெய்து ரோட்டைத் தாழ்த்திவிடுங்கள். நான் வீட்டுக்குள்ளேயே இருந்துகொள்கிறேன்.'