உங்களுக்குத்தான் தெரியுமே

அந்த ஆலமரத்தில் ஒரு கரிச்சான் குருவி பொழுது சாய்கிற நேரத்தில் கதை சொல்லும். தினமும் ஒரு பகுதி. அந்தக் கதையின் பேரைக் கேள்விப்பட்டு, ஆசையோடு மலை தாண்டி வந்தது ஒரு மணிப்புறா.

"தொப்பையனைப் பத்தித்தான் உங்களுக்குத் தெரியுமே," என்று ஆரம்பித்தது கரிச்சான். மரமே குலுங்கிச் சிரித்தது. புறா பக்கத்தில் இருந்த கிளியிடம் மெல்லக் கேட்டது: "அக்கா, தொப்பையன் யாரு?"

"அதுக்குப் போன மழைக்காலத்திலேருந்து சொல்லணும். பேசாம கேளு, போகப் போகப் புரியும்."

புறா கேட்டது. எல்லோரும் சிரித்தபோது தானும் சிரித்தது. "தொப்பையன் அன்னைக்கும் வலைப் பக்கம் போனான்," என்று கரிச்சான் சொன்னதும், இந்தத் தடவை பிந்திவிடக் கூடாதென்று முந்திக்கொண்டு சிரித்தது. வேறு யாரும் சிரிக்கவில்லை. கிளி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது.

புறா சத்தமில்லாமல் எதிரே இருந்த புங்கமரத்துக்குப் பறந்தது. அங்கே கரிச்சானின் குரல் கேட்டது, கதை கேட்கவில்லை. ஆனாலும் ஊர் திரும்ப மனசு வரவில்லை.

கதை முடிந்து ஆலமரம் அடங்கியபோது, கரிச்சானின் பெருமூச்சு மட்டும் தெளிவாக வந்தது: "நம்ம கதையைக் கேக்கப் புதுசா ஒருத்தரும் வரமாட்டேங்குறாங்களே."

புறா சுற்றிலும் பார்த்தது. புங்கமரத்தின் கிளையெல்லாம் பறவைகள், ஆலமரத்தையே பார்த்தபடி. பக்கத்தில் இருந்த செம்போத்து கொஞ்சம் நகர்ந்து வந்தது.

"உனக்காவது தெரியுமா, தொப்பையன் யாருன்னு?"