கயிற்றுக்கு வெளியே

லண்டன் மோர்டனில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பாலர் வகுப்பு. ஆசிரியை அஜித்தா தரையில் ஒரு கயிற்றை வட்டமாகப் போட்டாள்.

“இது ஆஸ்திரேலியப் பழங்குடி ஆக்களின்ர நிலம். அவையளின்ர வழக்கத்தில, ஒருத்தற்ற நிலத்துக்கை சும்மா போகேலாது. வெளியில நிண்டு ‘வரலாமோ’ எண்டு கேக்கோணும். எங்க, கேளுங்கோ பாப்பம்.”

பன்னிரண்டு பிள்ளைகளும் கேட்டார்கள். கேட்ட கையோடு பதினொரு பேர் உள்ளே பாய்ந்துவிட்டார்கள். நான்கு வயதுத் தர்மிகா மட்டும் கயிற்றுக்கு வெளியே நின்றாள். யூஸ் குடிக்கிற நேரம் வந்தும் அசையவில்லை.

கூச்சமாக்கும் என்று நினைத்த அஜித்தா அவளருகே குந்தினாள்.

“என்ன குஞ்சு, பயமா?”

“இல்லை ரீச்சர்.”

“அப்ப நீங்கள் கேக்கேல்லையோ?”

“கேட்டனான். மூண்டு தரம் கேட்டனான்.”

“பிறகென்ன? உள்ள போங்கோவன்.”

“ஒருத்தரும் ‘வாங்கோ’ எண்டு சொல்லேல்லையே. அந்த நிலத்து ஆக்கள் எங்க ரீச்சர்?”

அஜித்தா வட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே பதினொரு பேரும் ஆளுக்கொரு இடம் பிடிக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு பேரையும் அவள் வருகிறவர்களாகத்தான் நிறுத்தியிருந்தாள். நிலத்துக்காரராக உள்ளே இருக்க ஒருவரைக்கூட வைக்கவில்லை.