முதல் நாள் சண்டை

"நெட்வேர்க் புரோட்டக்கோல் ஒப்பரேட்டிங் சிஸ்டத்தின்ர மையமான கேர்ணலுக்கு உள்ளதான் இருக்கவேணும். வேகம் வேண்டாமே?" கண்டாவளை ஊருக்குப் பெண் பார்க்க வந்த பகீரதன் கேட்டான்.

"உள்ள இருந்து அது பிழைச்சால் முழுக் கம்பியூட்டரும் விழுந்திடும். வெளியில தனிப் புரோகிராமா இருந்தால் அது மட்டும்தான் விழும்," என்றாள் அறையில் அவனோடு தனியாகப் பேசவிடப்பட்ட மணப்பெண் சுகந்தினி.

குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அவளின் தாய் கமலாசனி காதைக் கூர்மையாக்கினாள். தரகர் கொண்டுவந்த நல்ல சம்பந்தம். முகம் பார்த்த முதல் நாளே சண்டையா? முற்றத்தில் அவள் கணவர் ஏரம்பு சாதகப் பொருத்தம் பேசிக்கொண்டிருந்தார். காதல் என்றாலே சீறுகிற மனிதர்.

அவள் தேத்தண்ணியோடு அறை வாசலுக்கு ஓடினாள்.

"மூண்டு வருசமாக் கம்பஸில இதையேதான் சொல்லுறீர்!" பகீரதன் சிரித்தான்.

மூன்று வருடமாகவா? அப்போ தரகர் வந்தது? கமலாசனி மகளைப் பார்த்தாள். மகள் தலைகுனிந்தாள்.

தேத்தண்ணியை வைத்துவிட்டு, கமலாசனி கதவைப் பாதி சாத்தினாள்.

"மெதுவாச் சண்டை பிடியுங்கோ பிள்ளையள். அப்பாவுக்குக் கேட்டிடும்."