இலை வைத்த பொட்டு

கண்காட்சிக்குப் போகவிருந்த ரோஜாச் செடியில், மொட்டுக்கு நேர் கீழே இருந்தது அந்த இலை. ஈரம் சொட்டிய ஒரு காலையில் பூஞ்சைத் துகள் ஒன்று பறந்து வந்து அதன்மேல் உட்கார்ந்தது.

“கொஞ்சம் இடம் கொடு தாயே. உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன். மொட்டுவரைக்கும் போகணும், அவ்வளவுதான்” என்று குழைந்தது.

“தாராளமா உட்காரு” என்றது இலை. துகளைச் சுற்றிக் கசப்புச் சாற்றைச் சுரந்து, அந்த இடத்தில் தன் சதையைத் தானே பொசுக்கிக்கொண்டது. உயிர் போகிற எரிச்சல். ஆனாலும் முனகவில்லை. தின்ன எதுவும் கிடைக்காமல் துகள் காய்ந்து உதிர்ந்தது. மிளகளவு கரும்புள்ளி மட்டும் மிஞ்சியது.

மொட்டு மலர்ந்ததும் அதன் கண்ணில் முதலில் பட்டது அந்தப் புள்ளிதான்.

“சீ, என்னடி இது, கரி அப்பின மாதிரி? நாலு பேர் பார்க்கிற இடத்துக்குப் போறோம். அந்தப் பக்கம் திரும்பிக்கோ.”

“கரி இல்லை, நானே வெச்சுக்கிட்ட பொட்டு. திரும்ப மாட்டேன்.”

அப்போது இன்னொரு துகள் இறங்கி வந்தது. புள்ளியைப் பார்த்ததும், “ஐயோ, இந்த வீடா!” என்று அலறி, வந்த காற்றிலேயே ஓடிப்போனது.

“பார்த்தியா? என் அழகைக் கண்டு கூசி ஓடுறான்!” என்று பூ இதழ்களை விரித்துக் காட்டியது.

இலை தன் பொட்டு நன்றாகத் தெரியும்படி வெயிலைப் பார்த்து நிமிர்ந்துகொண்டது.