வேணும்

மகனைக் காரை எடுத்துவரச் சொல்லி அனுப்பிவிட்டு, டாக்டரின் அறைக்கதவு முன்னால் அவள் திரும்பவும் வந்து நின்றாள்.

கைப்பிடியைத் தொடக் கூச்சமாக இருந்தது.

பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் அதே அறையில் மகனோடு உட்கார்ந்திருந்தாள். கட்டி பரவியிருப்பதால் இடது மார்பை முழுதாக எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். விருப்பமிருந்தால் அதே ஆபரேஷனில் வயிற்றுச் சதையைக் கொண்டு புதிதாக ஒன்றை அமைத்துவிடலாம், கட்டாயமில்லை என்றும் சொன்னார்.

கேட்டது அவளைத்தான்.

பதில் சொன்னது பரிதி.

"அம்மாவுக்கு இந்த வயசுல அதெல்லாம் எதுக்கு டாக்டர்? உயிர் இருந்தா போதும்."

அன்பாகத்தான் சொன்னான். அவளும் தலையாட்டினாள்.

ஐம்பத்து மூன்று வயது. கணவர் போய் ஒன்பது வருஷம். இனி யார் பார்க்கப்போகிறார்கள்?

அவள் பார்ப்பாள். குளிக்கும்போது. புடவை மாற்றும்போது.

பெற்ற பிள்ளை முன்னால் அதை எந்த வாயால் சொல்வது? நினைத்தாலே காது சுட்டது.

கதவைத் தள்ளினாள்.

"எனக்கு வேணும், டாக்டர்."

பாதிக் குரல்தான் வந்தது. டாக்டர் பெண்தான், பரிதியின் வயதுதான் இருக்கும். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. சரிம்மா என்று சொல்லி ஃபைலைத் திறந்து எழுதினாள்.

அதோடு வந்திருக்கலாம்.

கட்டாயம் செய்தே ஆக வேண்டும் என்று மகனிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிட முடியுமா என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் உடம்பு கூசிப்போனது.

அப்படிச் சொல்ல முடியாதும்மா என்றாள் டாக்டர், மெதுவாக. உங்களுக்கு விருப்பம் என்று வேண்டுமானால் சொல்கிறேன், அவரைக் கூப்பிடட்டுமா?

வேண்டாம் வேண்டாம் என்று எழுந்துவிட்டாள்.

காரில் ஏறியதும், ஏன் இவ்வளவு நேரம் என்றான் பரிதி.

டாக்டரே கூப்பிட்டுக் கட்டாயம் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், இப்படி ஒரு பொய் சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் இருந்தது.

"புதுசா வெச்சிடச் சொல்லிட்டேன் பரிதி. டாக்டர் சொல்லல. நான்தான் கேட்டேன்."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தோரம் சிவந்தது. பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். வண்டியை எடுத்தான்.

அவள் மடியிலிருந்த ஸ்கேன் கவரின் ஓரத்தை மடித்தாள். பிரித்தாள். திரும்பவும் மடித்தாள்.

சிக்னலில் நின்றபோதுதான் பேசினான். கண் ரோட்டில்தான் இருந்தது.

"நான் எத்தனை நாள் லீவு போடணும்மா?"

எத்தனை நாள் என்று டாக்டரிடம் அவள் கேட்டுக்கொண்டு வரவில்லை.