சும்மா இருக்கும்போது வரும் சத்தம்

ஊசி தோளில் இறங்கியது.

“கையைத் தூக்கும்மா.”

தூக்கினாள். ஊசியோடு வயரில் இணைந்த இயந்திரம் தசையின் அசைவுக்குக் கரகரவென்று இரைந்தது.

டாக்டரம்மா திரையைப் பார்த்துத் தலையசைத்தார். “இந்தத் தசைக்கு ஒண்ணுமில்ல சுகந்தி.”

அப்படியானால் எதற்குத்தான் என்ன?

எட்டு மாதமாக வலி. வலத் தோள் சரிந்து கிடந்தது. பையை மாட்டினால் நழுவி விழுந்தது. பழனியில் அவள் ஒரு பார்லர் நடத்தினாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் உச்சந்தலைக்குக் கை எட்டாமல் போன அன்று கத்தரிக்கோலை வைத்தாள். ஷட்டரை இடக்கையால் இழுத்து மூடினாள். அதன் பிறகு திறக்கவில்லை.

‘மூட்டு இறுகியிருக்கு. பயிற்சி பண்ணு, சரியாயிடும்’ என்று சொல்லியிருந்தது அண்ணன். அண்ணன் சர்ஜன். தினமும் காலையில் அழுதுகொண்டே பயிற்சி செய்தாள்.

இந்தப் பரிசோதனைக்கு மதுரைக்குக் காரோட்டி வந்ததும் அவன்தான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

ஊசி இப்போது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில்.

“அசையாத. சும்மா இரு.”

இருந்தாள்.

டிக். டிக் டிக். டிக்.

தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல.

“சத்தம் வருதே மேடம்!”

டாக்டரம்மா சிரிக்கவில்லை.

“சும்மா இருக்கும்போது வரக் கூடாதும்மா. தோளை மேல உயர்த்து.”

பல்லைக் கடித்துக்கொண்டு உயர்த்தினாள். உயர்த்தினாள் என்றுதான் நினைத்தாள்.

தூறல் தூறலாகவே இருந்தது.

“இன்னும்.”

நெற்றி வியர்த்தது. தோள் இருந்த இடத்தில் இருந்தது.

டாக்டரம்மா ஊசியை உருவினார். அவள் கூந்தலை ஒதுக்கினார். கழுத்தின் பக்கமாக விரலால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

“இது என்ன தழும்பு?”

“நெறி கட்டியிருந்துச்சு மேடம். சின்னக் கட்டி. எடுத்தாச்சு.”

“எப்போ?”

“எட்டு மாசம் இருக்கும்.”

“வலி எத்தனை மாசமா?”

வாயைத் திறந்தாள். கை தழும்பைத் தொட்டது.

“தோளைத் தூக்குற நரம்பு இந்த வழியாத்தான் போகுது. கட்டியோட சேர்ந்து அதுவும் அறுபட்டிருக்கும்னு நினைக்கிறேன்.” டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். “தைக்கலாம். ஆனா ரெண்டு மூணு மாசத்துலயே வந்திருக்கணும். இனி ஒவ்வொரு நாளும் முக்கியம். யாரு எடுத்தது?”

அவள் கதவைப் பார்த்தாள்.

“ஊர்ல... ஒரு டாக்டர்.”

வெளியே வந்ததும் அண்ணன் எழுந்தான். அவள் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

“நரம்பா?” என்றான்.

அவன் கண் தோளில் இல்லை. கழுத்தில் இருந்தது.



“எப்பலேர்ந்து தெரியும்ண்ணே?”

அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கியவன்போல் பார்த்தான்.

“நீ மொத தடவ போன் பண்ணியே” என்றான் கடைசியில். “கை தூக்க முடியலன்னு.”

அப்போது தையல்கூடப் பிரித்திருக்கவில்லை.

கதவு திறந்தது. கையில் போனோடு டாக்டரம்மா வந்தார்.

“நரம்பு தைக்கிற சர்ஜன் லைன்ல இருக்காரும்மா. கட்டியை எடுத்தவர்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசணுமாம். எந்த இடத்துல, எவ்வளவு ஆழத்துல வெட்டினாருன்னு தெரிஞ்சா உனக்குத்தான் நல்லது. அவர் நம்பர் இருக்கா?”

இல்லை என்று சொல்லிவிடலாம். ஏற்கெனவே ஒரு தரம் மறைத்த பெயர்தான்.

சுகந்தி சொல்லவில்லை. அண்ணனைப் பார்க்கவும் இல்லை. தரையைப் பார்த்தபடி நின்றாள்.

போனில் ஹலோ, ஹலோ என்றது ஒரு குரல்.

பெஞ்சு கிரீச்சிட்டது.

“குடுங்க மேடம்.”