இரண்டாவது சுற்றில் ஒரு நிறுத்தம்

"இன்னும் பத்து எண்ணுவேன். அதுக்குள்ள மூச்சு விட்ட, தெரியும் சேதி."

நுவாலா கையில் கடிகாரத்தோடு நின்றாள். அவள் மகள் ரீயனா, ஒன்பது வயது, கன்னம் உப்பி, முகம் சிவந்து, நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏழிலேயே விட்டுவிட்டாள்.

"இதுக்குத்தான் காலையில ரெண்டு முட்டை அவிச்சுக் கொடுத்தேனா? எடு குழலை. முதல்ல இருந்து வாசி."

விஷயம் இதுதான். இன்னும் மூன்று மணி நேரத்தில் கிளேர் மாவட்ட நாட்டுப்புற இசைப் போட்டி, பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான தகரக்குழல் பிரிவு. ரீயனாவுக்கு இதுதான் முதல் போட்டி. முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் மாகாணப் போட்டிக்குப் போகலாம். மூன்றாவது என்றால் ஒரு சான்றிதழும் ஆறிப்போன தேநீரும்தான்.

நுவாலாவுக்கு அந்த இரண்டில் ஒன்று வேண்டும். அவள் புருஷன் மாலக்கி பிடில் வாசிக்கிறவன். ஒன்றரை வருடம் முன்பு இவர்களை விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். அவனோடு அந்த வீட்டுச் சங்கீதமும் போச்சு என்று ஊர் பேசியது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஒரு பதக்கம் இருந்தால் மூடிக் காட்டலாம் என்று இவள் நம்பினாள்.

ரீயனா வாசித்தாள். துள்ளி ஓடும் ரீல் என்கிற ஆட்ட மெட்டு. அதை இரண்டு சுற்று வாசிக்க வேண்டும். முதல் சுற்று வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது சுற்றில், பாதி தாண்டியதும், குழல் நின்றது. பிள்ளை சமையலறைக் கதவை ஒருமுறை பார்த்தது. பிறகு விட்ட இடத்தில் பிடித்து முடித்தது.

"மறுபடியும் அதே இடம். மூச்சு பத்தலைன்னா முன்னாடியே எடுத்துக்கோன்னு சொன்னேனா இல்லையா?"

"மூச்சு இருக்கும்மா."

"இருந்தா ஏன்டி நிக்குது? வாய்க்கு வாய் பேச மட்டும் தெரியுது."

பத்து நாளாக இதே கூத்து. இனிப்பு கட், டிவி கட், தினமும் மூச்சுப் பயிற்சி. எதற்கும் அந்த நிறுத்தம் அசையவில்லை. ஆத்திரம் தாங்காமல் நுவாலா குழல் டீச்சர் கன்செப்டாவைப் போனில் பிடித்தாள்.

"வாரம் தவறாம அனுப்புறேன். எங்க மூச்சு எடுக்கணும்னுகூடச் சொல்லித் தர மாட்டீங்களா?"

"மூச்சுல ஒரு குறையும் இல்ல நுவாலா. அந்த மெட்டு நான் சொல்லிக் கொடுத்ததும் இல்ல. போறதுக்கு முன்னாடி அவ அப்பா வீட்ல வாசிச்சுப் பதிஞ்சு வச்சது. காதால கத்துக்கிற பிள்ளைங்க, கேட்டதைக் கேட்டபடியேதான் வாசிக்கும். நீ அந்தப் பதிவைக் கேட்டுப் பார்த்தியா?"

"அவன் பிடில் சத்தம் இந்த வீட்ல கேக்கவே கூடாது. இவளும் ஹெட்போனைக் காதுல மாட்டிக்கிட்டுத்தான் கேக்கணும். வேற மெட்டு எடுடின்னா மாட்டேங்கிறா."

போனை வைத்தபோது அவள் கோபத்துக்குப் புது விலாசம் கிடைத்திருந்தது.

"அப்படிச் சொல்லு. அந்த மனுஷன் குடிச்சிட்டுத் தப்பா வாசிச்சு வச்சிருக்கான். கடல் தாண்டிப் போயும் நம்மள நிம்மதியா விடமாட்டேங்கிறான்."

ரீயனா குழலை உறையில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

வழியெல்லாம் மழை கண்ணாடியை அடித்தது, நுவாலா ஸ்டியரிங்கை அடித்தாள்.

"உங்கப்பன் நம்மள நடுத்தெருவுல விட்டுட்டுப் போனவன். நெனப்புல வச்சுக்கோ. அங்க நிறுத்தினா அவன் ஜெயிச்ச மாதிரி. நிறுத்துவியா?"

"தெரியலம்மா."

"தெரியலையாம்."

போட்டி ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. ஒன்பது பிள்ளைகளில் ரீயனாவின் முறை ஆறாவது. நுவாலா கடைசி வரிசையில், சின்னப் பிள்ளைகள் நாற்காலியில், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தாள்.

முதல் சுற்றில் நடுவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவர் கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்தது. நுவாலாவுக்குக் கண் கலங்கியது.

இரண்டாவது சுற்று. பாதி தாண்டியது. குழல் நின்றது.

ரீயனா வகுப்பறைக் கதவைப் பார்த்தாள். பிறகு விட்ட இடத்தில் பிடித்து, ஒரு சுரம் பிசகாமல் முடித்தாள்.

மூன்றாவது இடம்.

"முதல் பரிசு உனக்குன்னு எழுதவே ஆரம்பிச்சுட்டேன் கண்ணு. அந்த நிறுத்தம்தான் கெடுத்துடுச்சு" என்றார் நடுவர், சான்றிதழை நீட்டியபடி.

வெளியே நடையில் ஊரே தேநீருக்கு வரிசையில் நின்றது. நுவாலா மகளின் முழங்கையைப் பிடித்து, மழைக்கோட்டுகள் தொங்கிய மூலைக்கு இழுத்துப் போனாள். குரலைத் தாழ்த்தக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"பத்து நாளா தொண்டை கிழியக் கத்தினேனே. ஏன்டி அங்க நிறுத்தின?"

"அந்தப் பதிவுல அப்பாவும் அங்க நிறுத்துவாரும்மா."

"அவன் ஏன் நிறுத்தணும்? போதையில மெட்டு மறந்துபோச்சா?"

ரீயனா இல்லை என்று தலையசைத்தாள். அவள் அழவில்லை. அவளுக்கும் கோபம்தான். அன்று முதல் தடவையாக அம்மாவை நேருக்கு நேர் பார்த்தாள்.

"அங்கதாம்மா நீ, 'வீட்டை விட்டுப் போ'ன்னு கத்துவ."